கரை ரோட்டில் கிராவல் சைக்கிள்: தென்பெரம்பூரிலிருந்து முத்துப்பேட்டை வரை

தமிழ்நாட்டில் கிராவல் சைக்கிள், அதாவது மண், சரளைப் பாதைக்கென்று அகலமான டயரோடு வருகிற சைக்கிள், ஓட்ட நல்ல இடம் எது என்று கேட்டால் எல்லோரும் நீலகிரி, ஏற்காடு, வால்பாறை என்று மலைப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நான் தஞ்சாவூர் என்பேன். ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நியாயம் என் பக்கம்தான்.

மலைக்காட்டில் அருமையான மண் சாலைகள் உண்டு. ஆனால் வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிப்போன பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. கூடியது சரிதான். அதிலும் சத்தமே இல்லாமல் வேகமாக வருகிற ஒரு வண்டி, திருப்பத்தில் நிற்கிற யானைக்கும் நல்லதில்லை, ஓட்டுகிறவருக்கும் நல்லதில்லை. மலைக்குப் போனால் தார்ச்சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

டெல்டாவில் கதை வேறு. இங்கே காவிரி 36 ஆறுகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை. கரையின் தலையில் ஒரு ஜீப் போகிற அகலத்துக்குப் பாதை. பொதுப்பணித்துறைக்காரர்கள் (இப்போது நீர்வளத்துறை) வெள்ளக் காலத்தில் மணல் மூட்டையோடு ஓடி வருவதற்கும், மற்ற நாளில் மேற்பார்வை பார்ப்பதற்கும் போட்டது. எங்கெங்கே கரை பலவீனமோ அங்கே கிராவல் அடித்து ரோலர் விட்டிருப்பார்கள். மற்ற இடங்களில் வண்டல், செம்மண், மணல் கலந்த பாதை. ஏற்ற இறக்கம் கிடையாது, பஸ் கிடையாது, லாரி அபூர்வம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், தலைக்கு மேலே மரம். சைக்கிள்காரருக்காக யாரும் போட்டதில்லை. அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நான் தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைச் சாயங்காலம் திறந்தால் போதும். என் சுற்றெல்லாம் அந்த அவகாசத்துக்குள் அடங்குவதுதான்: விடியும் முன் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஏதாவது ஒரு டீக்கடை நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

கரைப்பாதையில் எங்கே ஓட்டுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையின் முழு அகலமும் ஓட்டக்கூடியது இல்லை. நடுவில் புல் மண்டியிருக்கும், ஓரத்தில் நெருஞ்சி படர்ந்திருக்கும், டிராக்டர் போன இடத்தில் இரண்டு ஆழமான பள்ளம் ஓடும். இதற்கெல்லாம் நடுவில், கரை நெடுக, ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று ஒரு கோடு தெரியும். டி.வி.எஸ். எக்ஸெல் போட்ட தடம். புல்லுக்கட்டு, பால்கேன், உரமூட்டை, மாமியார் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக அதே கோட்டில் போய் வந்திருக்கிறார்கள். எங்கே மணல் பாயும், எங்கே வேர் துருத்தும் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியும். அது திடீரென்று இடது பக்கம் ஒதுங்கினால் நீங்களும் ஒதுங்குங்கள். காரணம் நாலு அடி தள்ளித் தெரியவரும்.

எனக்கு இந்தக் கரைகளைக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. வெண்ணாறு கோட்டத்தில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆற்றில் குறிப்பிட்ட நீளம் ஒருவர் பொறுப்பு. தினமும் அந்தக் கரையை நடந்து பார்க்க வேண்டும். நண்டு வளை, எலி வளை இருந்தால் அடைக்க வேண்டும். மேலிருந்து உத்தரவு வந்தால் ஷட்டரை அத்தனை அடி ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரியில் வாய்க்கால் மதகை யாராவது திருட்டுத்தனமாகத் தூக்கினால் சண்டையும் போட வேண்டும்.

பெரியப்பாவுக்கு என் சைக்கிளைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. "இவ்வளவு காசு குடுத்து ஸ்டாண்டு கூட இல்லாத சைக்கிள வாங்கியிருக்கியே அம்மாடி" என்பார். ஆனால் தன் எக்ஸெலை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடுவார். அவர் சொன்ன ஒரு விஷயம் எந்தச் செயலியிலும் இல்லாதது. "ஆறு எந்தப் பக்கம் வளையுதுன்னு பாரு. வெளிவளைவுலதான் தண்ணி மோதும். அங்கதான் உடைப்பு எடுக்கும். அதனால அந்தக் கரைக்குத்தான் கல்லு பதிச்சு, கிராவல் போட்டு வெச்சிருப்பான். உள்வளைவுல மணல்தான்." செயற்கைக்கோள் படத்தில் இரண்டு கரையும் ஒரே பழுப்பு நிறமாகத்தான் தெரியும். வளைவைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுத்தால், முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாக வருகிறது. ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்தில் பாலமோ ரெகுலேட்டரோ (ஷட்டர் வைத்த தடுப்பு) இருந்தால் கரை மாறிக்கொள்ளலாம்.

சரி, பாதைக்கு வருவோம். கல்லணையில் காவிரித் தண்ணீர் நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிச்சத்துக்குக் கொள்ளிடம். காவிரியை ஒட்டிப் போவதுதான் பேர்பெற்ற பாதை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். ஆனால் அதில் பெரும்பகுதி மாநில நெடுஞ்சாலை ஆகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் தாண்டுவோமே, அந்தப் பாலங்களில் எதில் இறங்கி இடமோ வலமோ திரும்பினாலும் ஒரு கரைப்பாதை கிடைக்கும். நான் அதிகம் போவது வெண்ணாற்றில்.

வெண்ணாற்றுப் பாதை தென்பெரம்பூரில் தொடங்குகிறது. தஞ்சாவூருக்கு வடமேற்கே உள்ள சின்ன ஊர். தலைப்பு என்றால் ஆறு பிரிகிற இடத்தில் உள்ள ஷட்டர் கட்டு. அங்கே உள்ள வி.வி.ஆர். தலைப்பில் ஒரே இடத்தில் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று மூன்று ஆறுகள் பிரிகின்றன. மூன்றுக்கும் ஷட்டர். தண்ணீர் வந்த புதிதில் போய் நின்றால் ஷட்டருக்குக் கீழே நுங்கும் நுரையுமாகப் பொங்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அங்கிருந்து எந்த ஆற்றைப் பிடித்தாலும் நல்ல பாதைதான். வடவாறு உங்களைக் கரந்தை வழியாகக் கொண்டுபோய் வடுவூர் ஏரியில் சேர்க்கும். 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. பறவை பார்க்கிறவர்கள் வடவாற்றைப் பிடிக்கலாம். நான் நேராக வெண்ணாறு.

பள்ளியக்கிரகாரம் தாண்டும் வரை ஊரும் குப்பையுமாகத்தான் இருக்கும். சங்கடப்படாமல் தாண்டிவிடுங்கள். அதற்கப்புறம் கரையில் நிழல் கட்டும். புங்கன், நாவல், இலுப்பை, மூங்கில், இடையிடையே தூங்குமூஞ்சி. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கிற படுகையில் வாழை போட்டிருப்பார்கள், சில இடத்தில் கொத்தவரையும் கத்தரியும். காடு என்று சொன்னால் வனத்துறைக்காரர் சிரிப்பார். ஆனால் மூங்கில் இரண்டு பக்கமும் கவிந்து வானம் தெரியாத இடங்கள் உண்டு. அங்கே ஜூன் வெயிலிலும் கையில் இருக்கிற மயிர் சிலிர்க்கும். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். பறக்கும்போதுதான் அந்த நீலம் தெரியும். நத்தைகுத்தி நாரைகள் வயலில் கூட்டமாக நிற்கும். நான் பார்க்க ஆசைப்பட்டு இன்னும் வாய்க்காதது நீர்நாய். பெரியப்பா கூட்டமாகப் பார்த்திருக்கிறார். "மீன்காரனுக்குத்தான் அது எதிரி, நமக்கென்ன" என்பார்.

இந்தப் பாதையில் மண் எப்படி இருக்கும் என்பது மழையைவிட மேட்டூரைப் பொறுத்தது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம். அங்கே திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையில் திறப்பார்கள். வழக்கம் என்றுதான் சொல்லலாம்: 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. இந்தத் தேதியை வைத்துத்தான் என் வருஷமே ஓடுகிறது.

திறப்பதற்கு முன்னால், ஏப்ரல் மே மாதங்களில் தூர்வாரும் வேலை நடக்கும். பொக்லைன் ஆற்றுக்குள் இறங்கி வண்டலை அள்ளிக் கரைமேல் கொட்டும். கொட்டிய மண் காய்ந்து தேங்காய் அளவுக் கட்டிகளாகக் கிடக்கும். சைக்கிள் இல்லை, மாட்டுவண்டியே திணறும். அந்த மாதங்களில் நான் கரைப்பக்கம் போவதில்லை. தண்ணீர் வந்து, ஆட்கள் போய்வந்து, எக்ஸெல் தடம் மறுபடி பதிந்த பிறகு, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அருமை. ஆறு நிறைய ஓடும், கரை காய்ந்திருக்கும். ஒரே தொல்லை ஆடிக்காற்று. மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்கே போகும்போது பறக்கலாம்; திரும்பும்போது காலில் கல்லைக் கட்டின கதிதான். அதனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நாளில் காற்று கிளம்பும் முன்பே பாதிக்கு மேல் முடித்துவிட வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் மூட்டை கட்டிவிடலாம். டெல்டாக் களிமண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். முதலில் டயரின் பூ அடையும். அப்புறம் டயரைச் சுற்றி ஒரு உறை மாதிரி மண் ஏறும். அது கருவேல முள், வைக்கோல் துணுக்கு, காய்ந்த இலை எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்துகொண்டு ஃபோர்க்கின் கவட்டில் போய் அடைக்கும். இரண்டு பெடல் மிதிப்பதற்குள் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, பத்தடி தள்ளினால் மறுபடி அதே. தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால், மண்ணோடு சேர்ந்து கனம் கூடியிருக்கும், செருப்பிலும் அதே மண் ஒட்டி நாம் நாலு அங்குலம் உயர்ந்திருப்போம். 40 மி.மீ. டயர் போட்டிருக்கிறேன், ஃபோர்க்கில் இன்னும் இடம் இருக்கிறது என்கிற தைரியமெல்லாம் இந்த மண்ணிடம் செல்லாது. தவிர, ஆறு கரை தளும்பப் போகும் நாளில் கரைமேல் வேடிக்கை பார்க்கப் போவது வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி நல்ல காலம். சம்பா அறுவடை. ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடுவார்கள், ஆறு மெல்ல வடியும். அப்போது கரை ரோட்டில் ஒரு ஒழுங்கு கடைப்பிடிக்க வேண்டும். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். பனியில் அறுத்த நெல் அதற்கு மேல்தான் இருக்கும். அதனால் எங்கே சமமாக, கொஞ்சம் கெட்டியாக இடம் கிடைக்கிறதோ அங்கே கொட்டிக் காயவைப்பார்கள். கரை ரோடு அதற்குத் தோதான இடம். முழு அகலத்துக்கும் நெல் கிடக்கும், காலால் தள்ளித் தள்ளிக் கோடு போட்டிருப்பார்கள். இறங்கி, ஓரமாக, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். பிடித்த வேகத்தை விடக்கூடாது என்று நெல்மேல் ஓட்டிப் போகிற ஆள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

முள்ளுக்கு வருகிறேன். கரை நெடுக சீமைக்கருவேலம். வெட்டிப்போட்ட கிளை பாதையில் கிடந்தால் அதன் முள் சாதாரண டியூபை மட்டுமில்லை, எக்ஸெல் டயரையே பதம் பார்க்கும். நான் டியூப் இல்லாத டயரில் சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கிற திரவம், ஊற்றி ஓட்டுகிறேன். காற்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைப்பதில்லை. கெட்டியாக வைத்தால் கரையில் இருக்கிற அலையலையான மேடு முதுகெலும்பைக் கழற்றிவிடும். சீலண்ட் பாட்டிலில் போட்டிருக்கிற மாதக் கணக்கெல்லாம் குளிர் நாட்டுக்கு. நம் வெயிலில் சீக்கிரமே உலர்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். வால்வைக் கழற்றி ஒரு குச்சி விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டவில்லை என்றால் ஊற்றிவிடுங்கள்.

இருந்தும் ஒருமுறை பக்கச்சுவரில் கிழிந்து, சீலண்ட் பால் மாதிரி பீய்ச்சி அடித்தது. உள்ளே டியூப் போட்டுக்கொண்டு, சாலியமங்கலத்துக்கு அருகே ஒரு பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வால்வைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மூக்கு இவ்ளோ ஒல்லியா இருக்கு?" என்றார். கம்ப்ரஸர் முனை அதில் உட்காராது. நான் எப்போதும் பையில் வைத்திருக்கிற பித்தளை அடாப்டரை எடுத்துத் திருகினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அவர் அதைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து மரையை எண்ணினார். அப்புறம் காற்றைப் பிடித்துவிட்டு, கட்டைவிரலால் டயரை அழுத்தி, "இது போதுமா? பொதபொதன்னு இருக்கே" என்று இன்னும் கொஞ்சம் அடிக்கப் போனார். தடுக்க வேண்டியதாயிற்று. காசு வாங்கவில்லை. "அடுத்த தடவ வரும்போது இந்தத் துண்டு ரெண்டு வாங்கிட்டு வா. உன்ன மாதிரி இன்னொருத்தர் வந்தா ஆவும்ல" என்றார். வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கிழிந்த இடத்துக்கு அவர் உட்புறமாக வைத்துத் தந்த பழைய லாரி டியூப் துண்டோடு அந்த டயர் ரொம்ப நாள் ஓடியது.

சாலியமங்கலம், அம்மாப்பேட்டை எல்லாம் நாகப்பட்டினம் போகும் பெரிய ரோட்டில் உள்ள ஊர்கள். வெண்ணாற்றுக் கரையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. தண்ணீர் பாட்டில் நிரப்ப, இட்லி சாப்பிட அங்கே இறங்கிவிட்டு வரலாம். பெண்கள் சிலர் கேட்டதால் இதையும் சொல்கிறேன்: கரையில் கழிப்பறை கிடையாது, மறைவு என்று நினைக்கிற இடத்தில் யாராவது தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்க்குகளைக் கணக்கு வைத்துத்தான் நான் பாதையைப் பிரிக்கிறேன். காலையில் தனியாக ஓட்டுவதில் எனக்குப் பயமில்லை. வயலுக்குப் போகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள், "எங்கம்மா இந்நேரத்துல?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்விதான் பாதுகாப்பு. பொழுது சாய்ந்தால் கரைகளில் பாட்டில் கூட்டம் உட்கார ஆரம்பிக்கும். அப்போது நான் தார்ச்சாலைக்கு இறங்கிவிடுவேன்.

அம்மாப்பேட்டையைத் தாண்டினால் கோயில்வெண்ணி. சங்க காலத்து வெண்ணிப் போர் நடந்த இடம் இதுதான் என்பார்கள். கரிகாலன் இங்கே சேரனையும் பாண்டியனையும் வேளிரையும் ஒருசேர வென்றான். அதே கரிகாலன் பெயரில் கல்லணை. அவன் பெயர் சொல்லும் அணையில் பிரிந்த தண்ணீர் அவன் ஜெயித்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இது இரண்டு தனித்தனிப் பாடமாக இருந்தது. ஒரே ஆற்றங்கரையில் ஓட்டிப் போனபோதுதான் ஒட்டிக்கொண்டது.

வெண்ணாற்றுக்கு நேர்மாறான ஒரு கரையும் எங்கள் ஊரில் இருக்கிறது. கல்லணைக் கால்வாய். 1934-ல் வெட்டியது. வெட்டி இத்தனை வருஷமாகியும் தஞ்சாவூரில் அதற்குப் பெயர் புதாறுதான். பெரிய கோயிலை ஒட்டிக்கொண்டு ஓடும். இதைச் சீரமைக்க 2021-ல் 2,639 கோடி ரூபாய் திட்டம் தொடங்கினார்கள். பக்கச்சுவருக்கும் அடிக்கும் கான்கிரீட். அடியிலும் கான்கிரீட் போட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்காது, கிணறும் போர்வெல்லும் என்னாவது என்று விவசாயிகள் பல இடத்தில் எதிர்த்தார்கள். தண்ணீர் விரயமாகாமல் கடைமடைக்குப் போகும் என்பது அரசு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கிணறு வைத்திருப்பவர்கள் பக்கம்தான் மனம் போகிறது. சைக்கிள் கணக்கில் பார்த்தால், வேலை முடிந்த இடங்களில் கரை அகலமாக, உருட்டிய கிராவலோடு, கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்கிறது. வேகம் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. எனக்கு அரை மணிக்கு மேல் அலுத்துவிடும். மரம் இல்லை.

மரம்தான் வேண்டும் என்றால் திருச்சிப்பக்கம் ஒன்று சொல்லலாம். ஸ்ரீரங்கம் தீவின் மேற்கு முனை. மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறதே, அது மேலணைக் காப்புக்காட்டுக்குள் அமைந்தது. அதைச் சுற்றி ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். காட்டுக்குள் நுழையாமல், கரையோடு மேற்கே போனால் முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836-ல் தொடங்கிக் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அது இங்கேதான். இப்போது புதுக் கதவணை கட்டிவிட்டார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற சுற்று. கொள்ளிடத்தில் இன்னும் கீழே, அணைக்கரைப் பக்கம் போனால் முதலை உண்டு. கரையில் ஓட்டுங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

மறுபடி வெண்ணாறு. கோயில்வெண்ணிக்கு அடுத்து நீடாமங்கலம். இங்கே கோரையாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி பிரிகிறது. வெண்ணாறு கிழக்கே போக, கோரையாறும் பாமணியாறும் தெற்கே திரும்புகின்றன. மூணாறு தலைப்பு என்றும் சொல்வார்கள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை என் ஓட்டம் இதோடு சரி. ரயில் நிலையம் இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். சைக்கிளை லக்கேஜாகப் போட்டு, ஏற்றி, இறக்குவதற்குள் ஓட்டியே போய்விடலாம். காற்று எதிரே இருந்தால் தஞ்சாவூர் திரும்பும் ஏதாவது ஒரு குட்டி யானை மினி லாரியில் பேசி ஏற்றிவிடுவேன்.

கடைக்கு ஆள் கிடைத்து இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு வாய்த்தால் கோரையாற்றைப் பிடித்துத் தெற்கே போக வேண்டும். அங்கே ஆறு நிஜமாகவே காட்டில் போய் முடிகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, காயலையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 120 சதுர கி.மீ. போகப் போக மண் மாறுவதைச் சக்கரத்திலேயே உணரலாம். வண்டலின் மெத்துமெத்து குறையும், மணல் கூடும், அப்புறம் கரையோரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். நெல் போய் இறால் குட்டை வரும். தென்னை இருக்கிற இடமெல்லாம் சின்னத் தென்னை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் பெரிய தென்னைகளைத் தூக்கிப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் நட்ட கன்றுகள் இப்போது காய்க்க ஆரம்பித்திருக்கின்றன.

ஜாம்பவானோடையில் தர்கா தாண்டிப் படகுத்துறை. சைக்கிள் அதோடு சரி. பூட்டிவிட்டுப் படகில் ஏறினால் கோரையாற்றின் மிச்சத்தைத் தண்ணீர்மேல் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வெண்கண்டல், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கிற மூச்சு வேர்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது, நேரே போய் நின்றால் படகு இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்ததாகப் பாமணியாற்றின் வழியாக மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு அதே முத்துப்பேட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே எந்தக் கரை ஓட்டுகிற நிலையில் இருக்கிறது என்று படத்தைப் பார்த்துப் பிடிபடவில்லை. பெரியப்பாவைக் கேட்டேன். "அது என் எல்லை இல்ல அம்மாடி" என்று கையை விரித்துவிட்டார். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள், தை பிறந்ததும் கிளம்ப வேண்டும்.